கானலில் இறங்கிய பதினோரு வீடுகள்

அன்றைக்கு ஏரியில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் எழுதியதில் ஒருவரை விட்டுவிட்டேன். அவருடைய மகன் பெருநகர் பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, உத்திரமேரூர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். அதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

கரைமேல் இருந்தவர்கள்: மெட்ராஸிலிருந்து லேசர் பெட்டியோடு வந்த இன்ஜினீயர் சதாசிவம் சார். எங்கள் பக்கத்து ஓவர்சியர். பேர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெருமாள் கோயிலில் சாமி குடை பிடிக்கிற கன்னியப்பன். அந்தக் குடைக்குக் காவலாகப் பனைமர நிழலில் தர்மகர்த்தா. ஜீப்பில் தூங்கிக்கொண்டு டிரைவர். கையில் தெர்மாமீட்டரோடு நான்.

ஏரிக்கு அந்தப் பக்கம், ஏரி நிரம்பினால் தண்ணீர் வந்து தொடுகிற உள்வாயில், கம்பத்தின் மேல் கண்ணாடியை வைத்துப் பிடித்தபடி என் மச்சான் பலராமன். அவனுக்குப் பின்னால் பதினோரு வீடுகள். அதில் ஏழாவது என்னுடையது.

சதாசிவம் சாருக்கு மட்டும் அது தெரியாது.

சித்திரை மாதம். ஏரியின் நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் எருமைகள் படுக்கிற அளவுக்குத் தண்ணீர். மீதியெல்லாம் வெடித்த களிமண். ஏரி நிரம்பினால் வழிந்து போகிற கலங்கலை ஒரு அடி உயர்த்தப் போகிறார்கள் என்று மாசியிலிருந்தே பேச்சு. கலங்கல் ஒரு அடி ஏறினால் தண்ணீர் உள்வாயில் எதுவரை வரும், அந்தக் கோட்டுக்குக் கீழே எந்தெந்த வீடு என்று பார்க்கத்தான் பெட்டி வந்திருந்தது. கீழே இருக்கிற வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். அப்புறம் நாம் சாமான் கட்ட வேண்டியதுதான். பெயிண்ட் டப்பா ஜீப்பில் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். மூடி திறக்காத புது டப்பா.

மிஷினுக்கு நாஷ்டா

லேசர் பெட்டி என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு தொலைநோக்கி, அதன் தலைமேல் ஒரு பெட்டி. பெட்டி ஒரு சிவப்பு வெளிச்சத்தை அனுப்பும். அது அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் பட்டு அப்படியே திரும்பி வரும். போய்வந்த கணக்கில் தூரத்தை எண்ணாகக் காட்டும். தொலைநோக்கியில் அதே கண்ணாடி எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே தெரிகிறது என்று சார் கோணம் எடுப்பார். தூரமும் கோணமும் சேர்ந்தால் உயரம் வந்துவிடும். முன்பெல்லாம் கரையைச் சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் அளப்பதை, நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம்.

வானம் சம்மதித்தால்.

அதை அவரே சொன்னார். மார்கழியில் ஏனாத்தூர் பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது பனி வெளிச்சத்தைக் குடித்துவிட்டதாம். பெட்டியில் எண்ணே வரவில்லையாம். மழை பெய்தால் அதே கதை. நல்ல வெயிலில் எண் வரும், ஆனால் நிற்காது. கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும். "இதுக்கு ஏத்த நேரம்னா பனி விலகினதுக்கு அப்புறம், வெயில் ஏறறதுக்கு முன்னால. கொஞ்ச நேரம்தான் குடுக்கும்ப்பா" என்றார்.

அந்தக் கொஞ்ச நேரத்தை நாங்கள் அன்றைக்குத் தவறவிட்டோம்.

முந்தின நாள் சாயங்காலம் பெரிய காற்று, நாலு தூறல். அந்தத் தூறலைத் தரை அப்போதே குடித்துவிட்டது. ஆனால் ராத்திரி முழுக்கப் புழுக்கம். விடிந்து பெட்டியைத் திறந்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்திருந்தது. பெட்டிக்குள் ஒரு சின்னத் துணிப்பை. அதில் ஜவ்வரிசி மாதிரி மணிகள். ஈரத்தை இழுப்பதற்காக வைப்பது. நீலமாக இருந்தால் நல்லது. மெட்ராஸ் கடற்காற்றில் ஊறி ஊறி, எல்லாம் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தன.

"வறுத்தா நீலமாயிடும். வாணலி கிடைக்குமா?" என்றார் சார்.

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினேன்.

என் மனைவி மரகதம் அப்போதுதான் மோர்மிளகாய் வறுத்து முடித்திருந்தாள். பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? வடாம் போட்றதா?"

"தின்னுடாத. மிஷினுக்கு."

"மிஷினுக்கு நாஷ்டாவா?" என்று சிரித்தவள், வாணலியை அடுப்பில் வைத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஏன்யா, நம்ம வூட்டு செவுத்துல பெயிண்ட் அடிக்கறதுக்கு, நானே இத்த வறுத்துத் தரணுமா?"

 மணிகள் மெல்ல மெல்ல நீலமாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் நீலமாகட்டும் என்றும் இருந்தது, ஆகவே கூடாது என்றும் இருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துக் கவலை.

மிளகாய்க் காரம் மணிகளில் ஏறிவிட்டது. அன்றைக்கு முழுக்க சார் தொலைநோக்கியில் கண் வைக்கும்போதெல்லாம் தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் ஸ்டாண்டு அசைந்துவிட்டதா என்று நான் குனிந்து மூன்று காலையும் பார்த்தேன். பெட்டியின் வேர்வை காய்ந்து முடிக்கையில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் பெட்டி மெட்ராஸ் போயாக வேண்டும். மறுநாள் வேறு ஊரில் வேலை.

லேசர் சாமி

அடுத்த தொல்லை நிழல்.

இந்தப் பெட்டியை வெயிலில் விடக்கூடாது. ஒரு பக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்கத்து இரும்பு லேசாக விரியும், மட்டம் பார்க்கிற குமிழி நகர்ந்துவிடும். அதற்காகவே பெரிய குடை ஒன்று உண்டு. அதைப் பிடிப்பதுதான், தினக்கூலிக்காரர்கள் பேர் எழுதுகிற மஸ்டர் ரோலில், என் வேலை. முந்தின நாள் காற்றில் அது கரையிலிருந்து பறந்து, கலங்கல் கல்லில் மோதி, கம்பியெல்லாம் முறிந்து கிடந்தது. நான் பிடித்திருந்தபோது பறக்கவில்லை. மடக்கிக் கட்டி வைத்திருந்தபோதுதான் பறந்தது. இதைச் சொல்லவில்லை என்றால் எனக்கு மனசு ஆறாது.

ஓவர்சியர் ஊருக்குள் போய், பெருமாள் கோயில் குடையை இருபத்தொரு ரூபாய்க்குப் பேசிக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணி, ஓரத்தில் தொங்கல், உச்சியில் பித்தளைக் கலசம். கூடவே கன்னியப்பனும் தர்மகர்த்தாவும். அந்தக் குடையை நான் தொடக்கூடாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கன்னியப்பன் கூடவே வந்ததிலேயே சொல்லியாகிவிட்டது. குடைக்காரனான என் கையில் தெர்மாமீட்டரைக் கொடுத்தார்கள்.

கரைமேல் சாமி குடை விரிந்து நின்றால் சும்மா போவார்களா? களத்துக்குப் போன பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா குனிந்து பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா சாமிப்பா இது? மூணு காலு கீது?"

"லேசர் சாமி" என்றான் கன்னியப்பன். "பட்டணத்துலேர்ந்து எய்ந்தருளிக்கீது."

அந்தம்மா முந்தானையிலிருந்து கற்பூரத்தையே எடுத்துவிட்டாள். சார் பதறி, "புகை ஆகாதும்மா, புகை ஆகாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சாமியே பயப்படுகிறது என்று சொல்லிக்கொண்டு போனாள்.

ஒரு டிகிரி

தெர்மாமீட்டர் எதற்கு என்று கேட்டேன்.

"காத்து சூடானா வெளிச்சம் கொஞ்சம் வேகமா போகும். குளிர்ந்தா கொஞ்சம் மெதுவா. எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சாத்தான் தூரத்தைத் திருத்த முடியும்."

கேட்டிருக்கவே கூடாது. அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடிக் குழாயை என்னால் நிம்மதியாகப் பிடிக்க முடியவில்லை. என் உள்ளங்கைச் சூடு அதில் ஏறினால்? என் மூச்சு பட்டால்? ஒரு குச்சியில் நூல் கட்டி, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, கையை நீட்டிப் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டேன். தூண்டில் போடுகிறவன் மாதிரி இருந்ததாக ஓவர்சியர் அப்புறம் ஆபீஸ் முழுக்கச் சொன்னார்.

"சார், நான் ஒரு டிகிரி தப்பாப் பாத்துட்டா இன்னா ஆவும்?"

"ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் தப்பு வரும்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான். ஏம்ப்பா இப்படி நடுங்கறே?"

மூச்சு வந்தது. வந்த மூச்சு நிலைக்கவில்லை.

சார் தொலைநோக்கியில் பார்த்தார், தும்மினார், மறுபடி பார்த்தார். எழுதினார், கணக்குப் போட்டார். ஓவர்சியர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நாலு அங்குலம் கீழ வருது" என்றார் சார்.

"அப்ப அத்தனை வூடும் கோட்டுக்குள்ள. பெயிண்ட் எடுத்துக்கலாமா சார்?"

பதினோரு வீடும் ஒரே வரப்பு மேட்டில், ஒரே மட்டத்தில் கட்டியவை. ஒன்று கீழே என்றால் எல்லாம் கீழே. என் காதில் ஏதோ ஊதுகிற மாதிரி சத்தம். அந்த மேட்டுக்கு நான் தலைச்சுமையாகக் கொட்டிய மண்ணெல்லாம் நினைவுக்கு வந்தது.

படித்த ஒரே பாடம்

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பரீட்சை அன்று காலையில் காய்ச்சல் வரும். பரீட்சை முடிந்தால் போய்விடும். இரண்டு வருஷம் இதைப் பார்த்துவிட்டு எங்கள் நைனா, "போதும்டா, இஸ்கூலு உன்ன கொன்னுடும்" என்று மாடு மேய்க்க அனுப்பிவிட்டார். சயின்ஸில் எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று. வாத்தியார் மூன்று அட்டைகளில் ஓட்டை போட்டு, வரிசையாக நிறுத்தி, மெழுகுவத்தி ஏற்றிக் காட்டினார். ஒளி நேர்க்கோட்டில் செல்லும். அதை மட்டும் நான் மறக்கவில்லை.

ஓவர்சியர் பெயிண்டுக்கு ஆள் அனுப்பப் போகையில் சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க. இந்த வெயில்ல வெளிச்சம் நேரா வராது. தரை கொதிக்குது பாருங்க. தரையை ஒட்டின காத்து சூடு, மேல இருக்கிற காத்து அவ்வளவு சூடில்லை. நடுவுல வர்ற வெளிச்சம் வளைஞ்சு வருது. தூரம் கெடாது, உயரம் கெட்டுடும். அந்த வீடெல்லாம் இருக்கறதைவிடக் கீழ இருக்கற மாதிரிதான் இங்கேர்ந்து தெரியும்."

படித்த ஒரே பாடமும் போச்சு. ஆனால் பாருங்கள், ஒரு பாடம் பொய்யானதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"எவ்ளோ கீழ சார்?" ஓவர்சியர் விடவில்லை.

"அதைச் சொல்ல முடியாது. பெட்டியை அந்தப் பக்கம் கொண்டுபோய், அங்கேர்ந்து இந்தக் கரையைப் பாக்கணும். அங்கேர்ந்து பாத்தா நாம கீழ தெரிவோம். ரெண்டு பொய்யையும் கூட்டிப் பாதியாக்கினா உண்மை வந்துடும். ஆனா உடனே போகணும். இதே வெயில், இதே காத்து இருக்கறப்பவே பாக்கணும்."

கன்னியப்பன் குடையை மடக்கினான். பனைமர நிழலிலிருந்து தர்மகர்த்தா எழுந்து வந்தார்.

"எங்க?"

"அந்தப் பக்கம்தான் சார். வீடுங்க கிட்ட" என்றார் சதாசிவம் சார்.

"சாமி குடை அங்கெல்லாம் எறங்காதுங்க."

"ஏரிக்கரை வரைக்கும் வந்துச்சே?"

"கரை ஊரோடது. அது காலனி."

கன்னியப்பன் தரையைப் பார்த்தான். சார் குடையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நிழல் இல்லாம இதை வைக்க முடியாது" என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வது போல.

"அதான் நாலு அங்குலம்னு வந்துடுச்சே சார்" என்றார் ஓவர்சியர். "ஒரு பக்கம் பாத்ததே போதும். இன்னாத்துக்குப் பேஜாரு?"

சார் பெட்டியின் மூடியை எடுத்தார். மூடப் போகிறார் என்று தெரிந்தது. நான் ஆபீசர்கள் எதிரில் கேள்விக்குப் பதில் தவிர வேறு பேசியவன் இல்லை. எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது.

"சார், நெயலு தானே சார் வேணும்? நாங்க தர்றோம்."

"நாங்கன்னா யாரு?"

"எங்க வூட்டுல. அங்கதான் சார் கீது என் வூடு. ஏழாவது."

"அதான் சார் விஷயம்!" என்று தொடையைத் தட்டினார் ஓவர்சியர். "அதுக்குத்தான் தெர்மாமீட்டருக்கு இவ்ளோ பக்தி!"

 சார் மூடியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நடப்பா. வெயில் இறங்கிடப் போகுது."

வெயில் இறங்கிவிடுமோ என்று சித்திரை மாதத்தில் பயந்து ஓடியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெட்டி என் தலையில். களிமண் வெடிப்பில் கால் மாட்டிக்கொள்ளுமோ என்று ஒரு பயம். மேலே ஒரு சின்ன மேகம். அது சூரியனிடம் போய்விட்டால் காற்று மாறிவிடுமே என்று இன்னொரு பயம்.

அரக்கு நிழல்

மரகதம் முதலில் ஒரு மெல்லிய வாயில் புடவையைக் கொண்டு வந்தாள். சார் பிடித்துப் பார்த்தார். வெயில் சல்லடை மாதிரி இறங்கியது. "இன்னும் கனமா ஏதாவது இருக்காம்மா?"

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கூறைப்புடவையோடு வந்தாள். காஞ்சிபுரத்துப் பட்டு நெய்கிற ஊர்களைச் சுற்றியே பிறந்து வளர்ந்தோம் என்றாலும் அது பட்டு இல்லை. பட்டு மாதிரி ஒன்று. அரக்கு நிறம், கெட்டி நெசவு. அதை நாலாக மடித்து, அவளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் நாலு முனையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். பெட்டி, சாரின் வெள்ளைச் சட்டை, அவர் எழுதிய காகிதம் எல்லாம் அரக்குச் சிவப்பில் நின்றன. குமிழி அசையவில்லை.

பிடித்துக்கொண்டே கேட்டாள். "சார், கோயில் கொடைக்கு இருவத்தோரு ரூபாவாமே. என் பொடவைக்கு இன்னா?"

"மரகதம்!" என்றேன் நான்.

"நீ சும்மா இருய்யா. கொடையும் நெயலு, இதுவும் நெயலு."

சார் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "அதே இருபத்தொண்ணு எழுதிக்கறேம்மா. கையை மட்டும் ஆட்டாதே."

கரைமேல் இன்னொரு கண்ணாடியைக் கன்னியப்பன் பிடித்திருந்தான். சார் கோணம் எடுத்து முடித்ததும் பலராமன் தொலைநோக்கியில் கண் வைத்தான்.

"மாமா! இத்த வந்து பாரு! தர்மகர்த்தாவுக்குக் காலே இல்ல!"

நானும் பார்த்தேன். கரையே தண்ணீரில் அமிழ்ந்த மாதிரி நெளிந்தது. தர்மகர்த்தா இடுப்புவரை கானலில் நின்றார். கன்னியப்பன், குடை, பனைமரம் எல்லாம் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தன.

"அங்கேர்ந்து பாத்தா நாம பள்ளத்துல கீறோம். இங்கேர்ந்து பாத்தா அவுங்க பள்ளத்துல கீறாங்க" என்றான் பலராமன். எங்கள் பின்னாலேயே வந்திருந்த ஓவர்சியர் சிரிக்கவில்லை.

சார் கணக்குப் போடுகையில் நான் பார்க்கவில்லை. வாணலியில் ஒட்டியிருந்த ஒரு நீல மணியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"கரையிலேர்ந்து பாத்தப்ப நாலு அங்குலம் கீழ. இங்கேர்ந்து பாத்தா ஒரு அடி மேல. ரெண்டுக்கும் நடுவுல..." பென்சிலால் அடிக்கோடு போட்டார். "நாலு அங்குலம் மேல."

பெண்கள் புடவையை இறக்க மறந்து அப்படியே நின்றார்கள். பெயிண்ட் டப்பா மூடி திறக்காமலே ஜீப்பில் ஏறியது.

நாலு அங்குலம்

உங்களுக்கு இதோடு கதை முடிந்திருக்கும். எனக்கு முடியவில்லை. நாலு அங்குலம் என்பது என்ன உயரம்? என் கைவிரல் நாலை மடக்கி வைத்தால் அதைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் கணக்கு தண்ணீருக்குத் தெரியுமா? அந்த மேகம் நடுவில் வந்து காற்று மாறியிருந்தால்? ஒவ்வொரு ஐப்பசியிலும் வாசலில் ஒரு குச்சி நட்டு, எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஒரு வருஷம் தண்ணீர் குச்சியின் அடியைத் தொட்டுவிட்டு நின்றது. மரகதம் அதைத் தாண்டி வந்து, துணி துவைக்க வசதி என்றாள்.

ஆபீசில் கோயில் குடைக்கான இருபத்தொரு ரூபாயைப் பாஸ் செய்தார்கள். கணக்குப் புத்தகத்தில் குடை வாடகை என்று ஒரு தலைப்பு இருந்ததாம். புடவைக்குத் தலைப்பு இல்லை என்று அடித்துவிட்டார்கள். நான் இரண்டு தடவை போய்க் கேட்டேன். மூன்றாவது தடவை வேலை போய்விடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். மரகதம் விடவில்லை.

சமீபத்தில் ஏரியை மறுபடி அளக்க ஒரு சின்னப் பையன் வந்தான். சட்டைப் பைக்குள் அடங்குகிற லேசர். குடை இல்லை, தெர்மாமீட்டர் இல்லை. எங்கள் சுவரில் அந்தச் சிவப்புப் புள்ளி விழுந்ததுமே எனக்கு வேர்த்துவிட்டது. மரகதம் வாசற்படியில் வந்து நின்று, அந்தப் புள்ளியை உள்ளங்கையால் மூடினாள்.

"தம்பி, நீ எந்த ஆபீஸு?"

சொன்னான்.

"உங்க ஆபீஸு பாக்கி ஒண்ணு கீது. அத்தக் குட்துட்டு அப்பறம் அள."

"எவ்வளவும்மா?"

"இருவத்தோரு ரூபா."